கட்டிங் முடிந்தால் பேஸ்டிங்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆம்பூரில் மற்றவர்களுக்கு பிரியாணி ஞாபகம் வரும். எனக்கு பேக்கப் ஞாபகம் வரும். காலையில் டீ குடித்த கையோடு கம்ப்யூட்டரைப் போட்டு, பீரோவிலிருந்து அந்தக் கறுப்பு டிரைவை எடுத்து, ஒயரைச் சொருகி, அதன் சின்ன விளக்கு மினுக்கி முடிக்கிற வரைக்கும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சலிப்பான வேலை. செய்தால் யாரும் சபாஷ் போடப்போவதில்லை. செய்யாமல் விட்டால்தான் மாட்டிக்கொள்வோம். குழாயில் தண்ணீர் பிடித்து வைப்பது போலத்தான் இதுவும். குடம் நிறைந்திருக்கும்போது யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

நான் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதி செக்‌ஷனில் இருக்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், லாரிக்கு வேண்டிய பேப்பர் எல்லாம் என் கையால்தான் டைப் ஆகும். ஒரு தடவை ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டு, அதில் இருந்ததெல்லாம் போய், மேனேஜர் என்னை நிற்கவைத்துக் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, கிளம்பும் முன் பேக்கப் எடுக்காமல் நான் சேரைவிட்டு எழுந்ததில்லை. அந்த வியாதி வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. மகள் வாங்கிக் கொடுத்த டிரைவ் வந்த பிறகு முற்றிவிட்டது.

வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதல் தடவை எல்லா ஃபைலையும் முழுசாகக் காப்பி எடுத்துவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வாரமும் புதிதாக வந்ததையும் மாறிப்போனதையும் மட்டும், அந்த வாரத் தேதி போட்ட தனி ஃபோல்டரில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். அவ்வளவுதான். இதற்கு இன்க்ரிமென்டல் பேக்கப் என்று பேர். இந்தப் பேரை முதன்முதலில் என் மனைவியிடம் சொன்னபோது, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"இன்க்ரிமென்ட்டா? கம்பெனியே குடுக்க மாட்டேங்குது, உங்க டப்பா குடுக்குதா?"

அவளும் அதே கம்பெனிதான், வேறு கட்டடம். ஷூவின் மேல்பாகம் தயாராகும் இடத்தில் டேபிள் வேலை. கட்டிங்கில் வெட்டி அனுப்புகிற தோல் துண்டுகளை எடுத்து, பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி, ஒன்றோடு ஒன்று ஒட்ட வேண்டும். அந்த வேலைக்குப் பேர் பேஸ்டிங். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் அதில்தான் இருக்கிறாள். கட்டிங் முடிந்தால் பேஸ்டிங், பேஸ்டிங் முடிந்தால் தையல். இந்த வரிசை அவளுக்குத் தூக்கத்திலும் மாறாது. கட்டிங்கில் பீஸ் லேட்டானால் பேஸ்டிங்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான், அதற்கும் சூப்பர்வைசர் இவர்களைத்தான் திட்டுவார் என்று தினமும் சாயங்காலம் என்னிடம் புலம்புவாள். நானும் ம், ம் என்று கேட்டுக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போது என் தொண்டை கட்டியது. முதலில் ஏசி என்றேன், அப்புறம் தூசி என்றேன், அப்புறம் லாரிக்காரர்களிடம் போனில் கத்திக் கத்தித்தான் இப்படி என்றேன். மிளகுப் பால், உப்புத் தண்ணீர், பெட்டிக்கடை மிட்டாய் எல்லாம் ஆயிற்று. குரல் கம்மிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மனைவி ஆபீசுக்கே வந்து, என் டேபிள் முன்னால் நின்று, "இன்னிக்கே வேலூர் போறோம்" என்றாள். எல்லாரும் பார்த்தார்கள். எழுந்து போனேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் மேல் டெஸ்ட். முடிவில் ஒரு டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, பொறுமையாகத்தான் சொன்னார். குரல்வளையை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை.

"அப்போ பேச்சு?" என்று கேட்டவள் மனைவி. எனக்கு அந்தக் கேள்வி தோன்றக்கூட இல்லை.

டாக்டரம்மா இல்லை என்று தலையை அசைத்தார். பேசுவதற்கு மிஷின் இருக்கிறது, பயிற்சி தருவோம் என்று மேலே என்னவோ சொன்னார். திரும்பும் பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பள்ளிகொண்டா தாண்டியது, மாதனூர் தாண்டியது. ஆம்பூரில் இறங்கப் போகும்போது, "உங்க கொரல புடிச்சி வெச்சிக்கணும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. புடிச்சி வைக்கிற மாதிரியா இருந்தது என் குரல்? பிறவியிலேயே கரகரப்பு. அதுவும் வாயைத் திறந்தால் எரிச்சல்தான் வரும். ஆனால் அவள் விடவில்லை. அன்றைக்கே என் போனில் ரெக்கார்டரைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டாள்.

"இன்னா பேசறது?" என்று கேட்டேன்.

"தெனம் பேசறீங்க இல்ல, அத்த பேசுங்க."

ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதுவரைக்கும் இதே வேலை. கேட்டுக்கு வெளியே நின்று அவளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட வேண்டும். மகளைச் சின்ன வயசில் கூப்பிட்ட பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெண் பார்க்க வந்தபோது வாலாஜாபேட்டையில் பஸ் நின்றுபோய், கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் வேனில் உட்கார்ந்து வந்த கதையைச் சொல்ல வேண்டும். சோளிங்கர் மலையில் அவள் பாட்டுக்கு விறுவிறுவென்று ஏறிப் போக, நான் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு "நில்லுமே, நில்லு" என்று கத்தினேனே, அதையும் சொல்லி, அதே போலக் கத்தியும் காட்ட வேண்டும். ஆபீசில் என் பக்கத்து சீட் பாய் வந்திருந்தபோது எங்களைப் பேசவிட்டு ரெக்கார்டரைப் போட்டுவிட்டாள். என் அரைகுறை உருதுவைக் கேட்டு பாய் சிரித்துக்கொண்டே, "தோஸ்த், நீ தமிழே பேசு, அதுதான் கொஞ்சம் பரவால்ல" என்றது அதில் இருந்தது.

ஒரு நாள், "என்னத் திட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா திட்டுங்க."

சும்மா திட்டச் சொன்னால் எப்படி வரும்? இத்தனை வருஷம் கேட்காமலே வந்தது, கேட்டபோது வரவில்லை. அதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. "இன்னாமே பண்ற அங்க, கண்ணு எங்க இருக்குது" என்று ஆரம்பித்து நான் கொட்டித் தீர்த்தபோது, அவள் அடுப்பை அணைக்காமல் போனைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் முழுக்கப் போயிற்று. அவளுக்கு முகமெல்லாம் திருப்தி.

போனில் இடம் கம்மி. அதனால் ஒவ்வொரு சாயங்காலமும் அன்றைய ரெக்கார்டை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவேன். போனில் வருகிற கால்களும் நான் போடுகிற கால்களும் தானாகவே பதிவாகும்படி நான் வைத்திருந்தேன். "சொன்னேன்", "சொல்லல" என்று லாரி ஆபீஸ்காரர்களோடு ஓயாத பேஜார், அதற்காக. அதையும் சேர்த்தே மாற்றிவிட்டு அழிப்பேன். கம்ப்யூட்டரில் எங்கள் சொந்த ஃபைல்கள் எல்லாம் இருக்கிற ஃபோல்டருக்குள்ளே 'குரல்' என்று ஒரு ஃபோல்டர் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை டிரைவைச் சொருகும்போது, அந்த வாரத்துக் குரல் டிரைவுக்கும் போகும். மனைவி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். "போய்டுச்சா?" என்பாள். "போய்டுச்சு" என்பேன். பேங்க் லாக்கரில் நகையை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி எழுந்து போவாள்.

ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு பேக்கப் எடுக்கவில்லை. எனக்கு அது ஞாபகம் வந்ததே ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம்தான். கடைசி வாரத்து ரெக்கார்டெல்லாம் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது. அதுவோ கிழட்டுக் கம்ப்யூட்டர், எங்கள் தெருவிலோ கரண்ட் போய்ப் போய் வரும். மகள் ஓசூரிலிருந்து வந்து என் பக்கத்தில் இருந்தாள். மனைவி துணிமணி எடுக்கவும் லீவு சொல்லவும் ஆம்பூர் போயிருந்தாள். வார்டு வராண்டாவுக்கு வந்து என் போனிலிருந்து அவளுக்குப் போட்டேன். எப்படி எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிற உள் ரூமில் சிக்னல் சரியாக வராது. "கேக்குதா, கேக்குதா" என்று கேட்டுக் கேட்டுச் சொன்னேன். தொண்டையில் முள் வைத்து இழுப்பது போல இருந்தது. "கேக்குது, நான் பண்ணிடறேன், வைங்க" என்றாள். வைத்தேன். சாயங்காலம் வந்தவள், "எடுத்துட்டேன். டிரைவ பத்திரமா பீரோவுல வெச்சிட்டேன்" என்றாள். அப்பாடா என்று இருந்தது.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது, அவள் கூடவே நடந்து வந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயில் வந்தது, "பீரோ சாவி எங்க வெச்ச?" என்பதுதான். "பையில இருக்குது" என்றாள். கதவைச் சாத்திவிட்டார்கள். நான் பேசினது அதோடு முடிந்தது.

அதற்கப்புறம் கழுத்தில் ஒரு துளை. மூச்சு அது வழியாகத்தான் வரும், போகும். அதன் மேல் மெல்லிசான துணி ஒன்று. பேச ஒரு மிஷின் கொடுத்தார்கள், தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினால் மாவு மிஷின் பேசுவது போல ஒரு சத்தம் வந்தது. தெருக் குழந்தைகள் பயந்ததைவிட நான்தான் அதிகம் பயந்தேன். அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு ஒரு சிலேட்டு வாங்கிக்கொண்டேன். மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனையும் போயிற்று. பாலாற்றுப் பக்கம் பஸ் திரும்பும்போது தோல் கழிவு நாற்றத்துக்கு எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள், நான் மட்டும் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பேன். கம்பெனியில் என் சீட்டைக் கொடுத்தார்கள். டைப் அடிக்க வாய் எதற்கு? லாரிக்காரர்களிடம் இப்போது வேறொருத்தர் கத்துகிறார், எனக்கு அது பிடிக்கவே இல்லை, அவருக்குக் கத்தத் தெரியவில்லை.

அந்த ரெக்கார்டுகளை மனைவி கேட்கவில்லை. போடட்டுமா என்று எழுதிக் காட்டினேன். "இப்ப வேணாங்க. கேட்டா அழுதுடுவேன். உங்களுக்குப் புண்ணு ஆறட்டும். அதுதான் பத்திரமா இருக்குதே" என்றாள். எனக்கும் உடம்பு அலுப்பு. மகள் வந்தபோது கம்ப்யூட்டரில் சினிமா ஏற்றிப் பார்த்ததோடு சரி, நான் அதன் பக்கமே போகாமல் பல ஞாயிறு ஓடிவிட்டது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பழக்கம் தலை தூக்கியது. பேக்கப் எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். டிரைவை மனைவி என் கல்யாண வேட்டிக்கும் அவள் பட்டுப்புடவைக்கும் நடுவில், கம்பெனியில் கேட்டு வாங்கி வந்த மெத்தென்ற லைனிங் தோலில் சுற்றி வைத்திருந்தாள். பிடித்து இழுத்தேன். தோல் வழுக்கியது. டிரைவ் நழுவி மொசைக் தரையில் முனை குத்தி விழுந்தது.

சத்தம் கேட்டு அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நான் ஒயரைச் சொருகிப் பார்த்தேன். உள்ளே டிக், டிக், டிக் என்று பல்லி கத்துவது போலச் சத்தம். விளக்கு எரியவே இல்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் சிலேட்டை எடுத்து நிதானமாக எழுதிக் காட்டினேன்: 'போனால் போகட்டும். இது காப்பிதான். அசல் கம்ப்யூட்டரில் இருக்கு.' உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்க வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் மாரடித்தேன்?

அவள் சிலேட்டைப் படித்துவிட்டு, "கம்ப்யூட்டர்லயும் இருக்குதா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"அத்தத்தான் டிரைவ்ல போட்டுட்டேனே" என்றாள்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். எங்கள் ஃபோல்டரைக் காணோம். அதற்குள் இருந்த 'குரல்' ஃபோல்டரையும் காணோம். அழித்ததெல்லாம் போய் விழுகிற குப்பைத் தொட்டியையும் திறந்து பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை. 'என்ன செய்தாய்?' என்று எழுதினேன்.

"நீங்க சொன்ன மாதிரிதாங்க. கட் பண்ணேன், டிரைவ்ல போயி பேஸ்ட் பண்ணேன்."

'காப்பி என்றுதானே சொன்னேன்?' என்று எழுதினேன். எழுதி, அடியில் கோடு போட்டேன். இன்னொரு கோடு போட்டபோது பலப்பம் ஒடிந்தது.

அவள் எனக்கு எதிரில் நின்றுகொண்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"கட் பண்ணாம எப்படிங்க பேஸ்ட் பண்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வீடே இடிந்திருக்க வேண்டும். ஆனால் கத்துவதற்கு என்னிடம் என்ன இருந்தது? கழுத்துத் துணிதான் புஸ் புஸ்ஸென்று மேலும் கீழும் ஆடியது. கோபம் வந்தால் கத்திவிட வேண்டும், கத்தினால் இறங்கிவிடும். கத்த முடியாத கோபம் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு என்னைத்தான் தின்றது. கல்யாண போட்டோ மகளிடம் இருக்கிறது, சர்ட்டிபிகேட்டுக்கெல்லாம் பேப்பர் இருக்கிறது. குரலை எங்கே போய் வாங்குவது?

வேலூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது. இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் டிரைவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். கம்ப்யூட்டரையும் எடுத்து வரச் சொல்லிப் பார்த்தார். அழிந்த இடத்தில் வேற வேற எழுதியாச்சு, இதில் கிடைக்காது என்றார். டிரைவை மெட்ராசுக்கு அனுப்பினார். அங்கிருந்து அது போன மாதிரியே திரும்பி வந்தது.

"உள்ள பிளேட்டுல கீறல் வுயிந்துடுச்சு சார். அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியல. முக்கியமா இன்னா சார் இருந்துச்சு இதுல?"

நான் பேசாமல் நின்றேன். பேசாமல் வேறு எப்படி நிற்பது? மனைவிதான் சொன்னாள்.

"இவரு கொரலு."

அவர் நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. டிரைவை ஒரு துணியால் நன்றாகத் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் இல்லை. எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது அவள் வாய் ஒன்றுதான், அதுவும் மூடிக்கொண்டது. கட்டிங்கில் பீஸ் லேட்டு என்கிற புலம்பல்கூட நின்றுபோயிற்று. வேலையிலிருந்து வருவாள், சோறு வடிப்பாள், படுப்பாள். நான் ஆபீசிலிருந்து வருவேன், சாப்பிடுவேன், படுப்பேன். மகள் போனில் அவளிடம், "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடுவாள். நான் மனசுக்குள் ஒன்றையே அரைத்துக்கொண்டிருந்தேன். நான் காப்பி என்றுதான் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். கேட்கிறது என்று அவளே சொன்னாள். கேட்டுவிட்டு, தன் பாட்டுக்குச் செய்திருக்கிறாள். எத்தனை தடவை அரைத்தாலும் அது மசியவில்லை.

ஒரு சாயங்காலம் எனக்குத் தட்டு வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"என் மேல கோவமா இருக்கீங்களா?"

இல்லை என்று கையாட்டினேன்.

"இருந்தா எழுதுங்க. மனசுலயே வெச்சிக்கினு இருக்காதீங்க. உங்க கொரல நானே தொலச்சிட்டேன். எனக்கே ஆறல, உங்களுக்கு எப்படி ஆறும்?"

நான் சிலேட்டை எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. ஒரு லீவு நாளில் போன், இடம் இல்லை, ஏதாவது அழி என்று நச்சரித்தது. வேலை இல்லாதவன் மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து அழித்துக்கொண்டே வந்தேன். கால் ரெக்கார்டு என்று ஒரு இடம். அதைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்னால் முழுக்கத் துடைத்துவிட்டேனே என்று திறந்தால், உள்ளே ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. வார்டில் இருந்தபோது மற்ற பேச்செல்லாம் மகளின் போனில்தான். ஆபரேஷனுக்கப்புறம் நான் யாருக்கும் போன் போட்டதில்லை. பேர் போட்டிருந்தது, மனைவியின் பேர். அன்றைக்கு வராண்டாவிலிருந்து போட்ட கால்.

பேக்கப் எடுத்ததெல்லாம் போயிற்று. பேக்கப் போகாத ஒன்று, போகாததாலேயே தங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. சாட்சி கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். லாரிக்காரர்களுக்காக வைத்த பதிவு வீட்டு வழக்குக்கு உதவுகிறது. அடுப்படிக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தை முழுசாக வைத்து அழுத்தினேன்.

"ஹலோ. கேக்குதா?"

என் குரல். கரகரவென்று, எரிச்சலாக, களைத்துப்போய். பின்னால் வார்டில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

"ம், சொல்லுங்க."

"கம்ப்யூட்டரப் போட்டியா? நம்ம ஃபோல்டர் மேல வெச்சி ரைட் கிளிக் பண்ணு. கட்டு, காப்பின்னு ரெண்டும் வரும். நீ காப்பி பண்ணு. கட்டு வேணாம். கேக்குதா?"

"ஹலோ? ஹலோ?"

"காப்பிமே. காப்பி. கட் பண்ணிடாத. கேக்குதா?" அதற்கு மேல் இருமல். நிற்காத இருமல். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"கேக்குது, கேக்குது."

"அப்புறம் டிரைவத் தொறந்து அதுல பேஸ்ட் பண்ணு. கேக்குதா?"

"கேக்குதுங்க. நீங்க பேசாதீங்க, தொண்ட வலிக்கும். நான் பண்ணிடறேன்."

"எத்தினி தடவ சொல்றது? புரிஞ்சுதா, இல்லியா?"

"புரிஞ்சுது. வைங்க."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. காப்பி என்றுதான் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். வழக்கில் ஜெயித்துவிட்டேன். தலையைத் தூக்கினால், அவள் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது, அவள் கவனிக்கவில்லை.

"எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே கேக்கலங்க" என்றாள்.

நான் போனைக் கீழே வைத்தேன்.

"கட்டுன்னு ஒண்ணு கேட்டுச்சு. பேஸ்ட்டுன்னு ஒண்ணு கேட்டுச்சு. நடுவுல எல்லாம் கொர்ருனு இருந்துச்சு. இன்னொரு தடவ சொல்லுங்கன்னு கேக்கலாம்னு பாத்தேன். நீங்க இருமினீங்களே, அது மட்டும் நல்லா கேட்டுச்சு. விடிஞ்சா ஆபரேஷனு, மறுபடி மறுபடி கத்த வுடறதான்னு கேக்குதுன்னு சொல்லிட்டேன். கட்டு, பேஸ்ட்டு, நமக்குத் தெரிஞ்ச வேலதானேன்னு பண்ணிட்டேன்."

சிலேட்டைக் கையில் எடுத்தேன். எடுத்ததைத் திரும்பக் கீழே வைத்தேன். அரைத்து அரைத்து வைத்திருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. என் தொண்டை வலிக்கக் கூடாது என்று அவள் சொன்ன ஒரு பொய்யில் என் குரல் போயிருக்கிறது. இதற்கு யாரைத் திட்டுவது? எனக்கு அழுகை வந்தது. அழுகைக்கும் சத்தம் இல்லை, கழுத்துத் துணிதான் நனைந்தது. அவள் வந்து துணியை அவிழ்த்து, வேறு துணி கட்டிவிட்டாள். கட்டிக்கொண்டே, "இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

போட்டேன். தரையில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை கேட்டாள். கத்தரிக்காய் வேன் இல்லை, சோளிங்கர் படி இல்லை, மகளைக் கூப்பிட்டது இல்லை, பொங்கின பாலும் இல்லை. ஃபைலை எப்படிக் காப்பி எடுப்பது என்று ஒரு சிடுமூஞ்சி ஆள் பாடம் எடுக்கிறான். உலகத்தில் என் குரல் என்று மிஞ்சியது அதுதான். "அப்படியே இருக்கீங்க" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மகள் புது டிரைவ் ஒன்று வாங்கி வந்தாள். அந்த ஒரு ஃபைலைக் கம்ப்யூட்டருக்கும், டிரைவுக்கும், தன் போனுக்கும் மனைவிதான் தன் கையால் எடுத்து வைத்தாள். ஒவ்வொரு தடவையும் அழுத்துவதற்கு முன்னால் நிறுத்தி, "இதுதானே காப்பி?" என்று என்னைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை பேக்கப் அவள் வேலை. நான்தான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்கிறேன். எனக்கு அலுப்பு தீரவில்லை, தீரும் என்கிற நம்பிக்கையும் இல்லை. ஆனால் கட்டிங்கில் பீஸ் லேட்டு என்று அவள் மறுபடி புலம்ப ஆரம்பித்துவிட்டாள். ம் கொட்ட முடியாது. தலையாட்டுகிறேன்.

சமைக்கும்போது அவள் அதைப் போட்டுவிடுவாள். நேற்றும் போட்டாள். நான் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் வெங்காயம் வதங்கும் சத்தத்துக்கு நடுவில் என் குரல் காப்பி, காப்பி என்று கத்தியது, இருமியது, கேக்குதா என்று கேட்டது. போனுக்குள் இருக்கிறவள் பதில் சொல்வதற்குள், அடுப்புக்கு முன்னால் நின்றவள் சொல்லிவிட்டாள்.

"இப்ப நல்லா கேக்குதுங்க. சொல்லுங்க."